ஹோர்மூஸ் நீரிணை: கப்பல் மறிப்பும் காப்புறுதிக் கணக்கும்

பிரித்தானியக் கொடியுடன் சென்ற ‘ஸ்டெனா இம்பீரோ’ என்ற எண்ணெய்த் தாங்கிக் கப்பலை ஈரானின் புரட்சிக் காவல் படை 2019 ஜூலை 19 ஆம் திகதி ஹோர்மூஸ் நீரிணையில் மறித்து, பந்தர் அப்பாஸ் துறைமுகத்துக்குக் கொண்டு சென்றது. செப்டெம்பர் 27 ஆம் திகதிதான் அது அங்கிருந்து வெளியேறியது. இந்தப் பத்து வாரங்களும் எங்கள் ஆட்கள் கூடிய இடங்களில் எல்லாம் ஒரே கேள்விதான்: ‘ஈரான் ஹோர்மூசை மூடினால் என்ன நடக்கும்?’ கட்டாரில் வேலை செய்யும் தம்பி, கப்பலில் ஏறிய மருமகன், ஊரில் அடுப்புக்கு எரிவாயு வாங்கும் அம்மா என்று எங்கள் குடும்பங்களில் யாராவது ஒருவரின் வாழ்க்கை அந்தக் கடலோடு கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே கேள்வி வெறும் அரட்டை அல்ல.

வணிகமாணிப் பட்டம் பெற்று, ஊரிலும் புலம்பெயர்ந்த மண்ணிலும் கணக்கு எழுதியே காலத்தைக் கழித்த எங்களுக்கு ஏவுகணைகளின் வகை தெரியாது. ஒரு செலவு எங்கே பிறந்து யாருடைய தலையில் போய் இறங்குகிறது என்று பின்தொடரத் தெரியும். அந்தப் பழக்கத்தோடு இந்த நீரிணையைப் பார்த்தால், ‘மூடுவது’ என்ற சொல்லுக்கே வேறு பொருள் கிடைக்கிறது.

இடமும் சட்டமும்

பாரசீக வளைகுடாவிலிருந்து ஓமான் வளைகுடாவுக்கும் அங்கிருந்து அரபிக் கடலுக்கும் செல்லும் ஒரே கடல்வழி ஹோர்மூஸ். வடக்கே ஈரான், தெற்கே ஓமானுக்குச் சொந்தமான முசந்தம் முனை. மிக ஒடுங்கிய இடத்தில் அகலம் சுமார் 21 கடல் மைல், அதாவது 39 கிலோமீற்றர். ஆனால் பெரிய கப்பல்கள் அந்த அகலம் முழுவதையும் பயன்படுத்துவதில்லை. உள்ளே வர 2 மைல், வெளியே போக 2 மைல், நடுவில் மோதாமல் இருக்க 2 மைல் இடைவெளி. தெருவில் இடப்பக்கம், வலப்பக்கம் பிரிப்பதுபோலக் கடலிலும் பாதை பிரித்து வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகத்தின் கணக்குப்படி 2018 இல் நாளொன்றுக்குச் சராசரியாக 21 மில்லியன் பீப்பாய் எண்ணெய் இதனூடாகச் சென்றது. உலகம் ஒரு நாளில் எரிக்கும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு அது. கட்டாரின் திரவ எரிவாயுவும் இவ்வழியேதான் வெளியேறுகிறது. மசகு எண்ணெயில் 76 சதவீதம் ஆசிய நாடுகளுக்குப் போனது. ‘அமெரிக்காவின் எண்ணெய் வழி’ என்று பலர் இன்றும் எழுதுவது பழைய நினைப்பு. இந்த வாசலில் நின்று அரிசி வாங்குபவர்கள் சீனா, இந்தியா, ஜப்பான், தென்கொரியா.

சுற்றுவழி இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. சவூதி அரேபியா நாட்டின் குறுக்கே செங்கடலிலுள்ள யன்பு துறைமுகம்வரை குழாய் போட்டிருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகம் 2012 முதல் ஹப்ஷானிலிருந்து நீரிணைக்கு வெளியேயுள்ள புஜைராவுக்குக் குழாய் வழியாக எண்ணெய் அனுப்புகிறது. 2018 இல் எல்லாம் சேர்த்தாலும் நாளொன்றுக்கு 6.5 மில்லியன் பீப்பாய்தான். யன்புவில் ஏற்றிய எண்ணெய் ஆசியாவுக்கு வர யேமனுக்கு அருகிலுள்ள பாபெல் மண்டெப் என்ற இன்னொரு ஒடுக்கத்தைத் தாண்ட வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. குவைத்துக்கும் கட்டாருக்கும் பஹ்ரெய்னுக்கும் அந்தச் சுற்றுவழியும் இல்லை.

சட்டம் ஒரு விசித்திரம். ஈரானும் ஓமானும் தத்தம் கரையிலிருந்து 12 கடல் மைல் வரை உரிமை கோருகின்றன. 12 உம் 12 உம் 24; ஒடுங்கிய இடமோ 21. ஆகவே அவ்விடத்தில் எவருக்கும் சொந்தமில்லாத திறந்த கடல் என்று ஒரு துளியும் இல்லை. 1982 ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை இப்படிப்பட்ட நீரிணைகளில் எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் தடையின்றிக் கடந்து செல்லும் உரிமையைக் கொடுக்கிறது. ஈரான் அதில் கையொப்பமிட்டது, ஆனால் அங்கீகரித்து உறுதிப்படுத்தவில்லை. அமெரிக்கா அந்த உடன்படிக்கையில் சேரவேயில்லை. இருவருமே முழுமையாக ஏற்காத பத்திரத்தை நீட்டித்தான் இருவரும் வழக்குப் பேசுகிறார்கள்.

தாங்கிக் கப்பல் போர்

ஹோர்மூஸ் பற்றிப் பேசும் எவரும் 1984 முதல் 1988 வரை நடந்த ‘தாங்கிக் கப்பல் போரை’ப் படிக்காமல் பேசக்கூடாது என்பது எங்கள் கருத்து. ஈரான் ஈராக் போரின் ஒரு பகுதி அது. அதைத் தொடங்கியது ஈரான் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். தொடங்கியது ஈராக். காரணம் கணக்கில் இருக்கிறது. போர் மூண்ட சில வாரங்களிலேயே ஈராக்கின் வளைகுடா எண்ணெய் ஏற்றுமதித் தளங்கள் அழிந்துபோயின. அதன்பின் அதன் எண்ணெய் துருக்கி வழியாகக் குழாயில் போனது. கடலில் இழப்பதற்கு ஈராக்கிடம் எதுவும் இல்லை. ஈரானின் எண்ணெயில் பெரும்பகுதி கார்க் தீவில் கப்பலேறிக் கடலால் போனது. கடலில் சொத்து இல்லாதவன் கடலில் சண்டை பிடிக்க அஞ்ச மாட்டான்.

ஈரான் பதிலுக்கு யாரை அடிப்பது? ஈராக்கின் கப்பல் எதுவும் அகப்படாது. ஆகவே ஈராக்குக்குப் பணம் கொடுத்த குவைத்தினதும் சவூதியினதும் வழியாகப் போய்வந்த கப்பல்களைத் தாக்கியது. அப்போது குவைத் செய்த காரியம் கெட்டிக்காரத்தனமானது. அமெரிக்காவிடமும் சோவியத் ஒன்றியத்திடமும் ஒரே நேரத்தில் உதவி கேட்டது. சோவியத் தன் தாங்கிகளில் மூன்றை வாடகைக்குக் கொடுத்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாத அமெரிக்கா, குவைத்தின் 11 தாங்கிகளுக்குத் தன் கொடியைக் கொடுத்து, போர்க்கப்பல் காவலும் கொடுத்தது.

1987 ஜூலையில் முதல் தொடரணி புறப்பட்டது. ஜூலை 24 ஆம் திகதி அதில் சென்ற ‘பிரிட்ஜ்டன்’ என்ற பெரும் தாங்கி ஃபார்ஸித் தீவுக்கு அருகில் கண்ணிவெடியில் மோதியது. ஓட்டை விழுந்தும் அது தொடர்ந்து ஓடியது. காவலுக்கு வந்த போர்க்கப்பல்கள் என்ன செய்தன தெரியுமா? தாங்கிக்குப் பின்னால் வரிசையாகப் போய் நின்றுகொண்டன. இன்னொரு கண்ணி வெடித்தால் தாங்கியின் பருத்த உடல் தாங்கும், போர்க்கப்பலின் மெல்லிய உடல் தாங்காது. ஒரு சரக்குக் கப்பல் வல்லரசின் கடற்படைக்குக் காவல் போனது.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 14 இல் ‘சாமுவேல் பி. ரொபர்ட்ஸ்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் கண்ணியில் அகப்பட்டது. அந்தக் கண்ணி 1908 ஆம் ஆண்டின் ரஷ்ய வடிவமைப்பு. அதன் விலை சுமார் 1,500 டொலர் என்றும் கப்பலைத் திருத்த ஏறக்குறைய 90 மில்லியன் டொலர் சென்றது என்றும் சொல்வார்கள். பற்றையும் வரவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், பலங்குறைந்த நாடு ஏன் கண்ணியையும் சிறு வேகப் படகையும் விட்டுக்கொடுக்காது என்பது விளங்கும். நான்கு நாட்களின் பின் அமெரிக்கா திருப்பியடித்து ‘சஹந்த்’ என்ற ஈரானியப் போர்க்கப்பலை மூழ்கடித்தது.

இனிமேல்தான் முக்கியமான இடம். அந்த நான்கு ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டன. உலகின் மிகப் பெரிய கப்பலான ‘சீவைஸ் ஜயன்ற்’ கூட 1988 மே மாதத்தில் லாரக் தீவருகே ஈராக்கிய விமானங்களின் குண்டுக்கு இரையானது. ஆனால் நீரிணை மூடப்படவில்லை. எண்ணெய் விலை ஏறவும் இல்லை; சண்டை உக்கிரமடைந்துகொண்டிருந்த 1986 இல் சவூதி உற்பத்தியைக் கூட்டியதால் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. ஈரான் கார்க்கிலிருந்து சிறு தூரத்துக்கு மாத்திரம் கப்பல்களை ஓட்டி, சிர்ரி, லாரக் தீவுகளுக்கருகே வைத்து வாங்குபவரின் கப்பலுக்கு மாற்றியது. காப்புறுதிச் செலவு கூடிவிட்டது என்று வாங்குபவர் முறையிட்டபோது விலையில் கழிவு கொடுத்தது. அதாவது போர் ஆபத்தின் செலவை விற்பவனே தன் கணக்கில் ஏற்றான். சந்தையில் எண்ணெய் நிறைந்து கிடந்ததால் அப்படி ஏற்க வேண்டி வந்தது. எண்ணெய் தட்டுப்பாடாக இருக்கும் காலத்தில் அதே செலவு வாங்குபவனின் தலைக்குப் போகும்.

1988 ஜூலை 3 ஆம் திகதி நடந்ததைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க இயலாது. பந்தர் அப்பாஸிலிருந்து டுபாய்க்குப் புறப்பட்ட ஈரான் எயர் 655 ஆம் இலக்கப் பயணிகள் விமானத்தை, போர் விமானம் என்று கருதி அமெரிக்காவின் ‘வின்சென்ஸ்’ கப்பல் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் இறந்தனர். அவர்களில் 66 பேர் குழந்தைகள். இந்தியர்களும் பாகிஸ்தானியர்களும் அதில் இருந்தார்கள். 1996 இல், பொறுப்பை ஏற்காமலே, ஈரானியப் பயணிகளின் குடும்பங்களுக்கு 61.8 மில்லியன் டொலர் கொடுக்க அமெரிக்கா இணங்கியது. எட்டு ஆண்டு சென்ற கணக்கு அது.

2019: சிறு வெடி, பெரிய சந்தை

அப்போதைய பதற்றத்தின் வேர் 2018 மே மாதத்தில் இருக்கிறது. அணு உடன்பாட்டிலிருந்து வெளியேறிய அமெரிக்கா, 2019 மே மாதத் தொடக்கத்தில் ஈரானிய எண்ணெயை வாங்கச் சில நாடுகளுக்கு அளித்திருந்த விலக்கையும் நிறுத்திவிட்டது. எங்கள் எண்ணெய் போகாவிட்டால் வளைகுடாவிலிருந்து எவருடைய எண்ணெயும் போகாது என்ற பொருள்பட ஈரான் ஜனாதிபதி ரூஹானி முன்னரே எச்சரித்திருந்தார்.

மே 12 இல் புஜைராவுக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த நான்கு கப்பல்களில் வெடிப்பு. ஜூன் 13 இல், ஜப்பானியப் பிரதமர் அபே தெஹ்ரானில் சமாதானம் பேசிக்கொண்டிருந்த வேளையில், ஓமான் வளைகுடாவில் மேலும் இரண்டு தாங்கிகள் எரிந்தன. அவற்றில் ஒன்று ஜப்பானிய நிறுவனத்துக்குச் சொந்தமானது. அமெரிக்கா ஈரானைக் குற்றஞ்சாட்டியது, ஈரான் மறுத்தது. ஜூன் 20 இல் அமெரிக்காவின் ஆளில்லா விமானத்தை ஈரான் சுட்டது. ஜூலை 4 இல் ஈரானிய எண்ணெயைச் சிரியாவுக்குக் கொண்டு செல்வதாகச் சொல்லி, ஜிப்ரால்டரில் ‘கிரேஸ் 1’ கப்பலைப் பிரித்தானியக் கடற்படையினர் பிடித்தார்கள். பதினைந்து நாட்களில் ஸ்டெனா இம்பீரோ பிடிபட்டது. பழிக்குப் பழி என்று வாயால் சொல்லத் தேவையில்லை.

மே 12 இன் வெடிப்பில் ஒருவரும் இறக்கவில்லை. ஒரு கப்பலும் மூழ்கவில்லை. ஆனால் ஒரு வாரத்துக்குள் லண்டனில் ஒரு குழு கூடி ஓமான், அமீரகம், பாரசீக வளைகுடா ஆகிய கடற்பரப்புகளை ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது. அதுதான் கூட்டுப் போர்க் குழு. லொயிட்ஸ் சந்தையினதும் ஏனைய காப்புறுதிக் கம்பனிகளினதும் பிரதிநிதிகள் அதில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு துப்பாக்கியும் இல்லை. ஆனாலும் நீரிணையின் திறப்பு கடற்படைத் தளபதிகளிடம் இருக்கும் அளவுக்கு அவர்களிடமும் இருக்கிறது.

எப்படி என்று பார்ப்போம். கப்பலுக்கு எடுக்கும் சாதாரணக் காப்புறுதி போரினால் வரும் சேதத்தை ஏற்காது. போர் ஆபத்துக்குத் தனிப் பத்திரம் எடுக்க வேண்டும். பட்டியலில் உள்ள கடலுக்குள் போவதானால் முன்கூட்டியே அறிவித்து, அந்தப் பயணத்துக்கு மட்டும் மேலதிகக் கட்டணம் கட்ட வேண்டும். பெரும்பாலும் அது ஏழு நாட்களுக்கு உரியது. துறைமுகத்தில் சுணங்கினால் மறுபடியும் கட்ட வேண்டியதுதான்.

ஓர் எடுத்துக்காட்டுக்காகப் போட்டுப் பார்ப்போம். கப்பலின் பெறுமதி 80 மில்லியன் டொலர், கட்டணம் பெறுமதியில் 0.25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பயணத்துக்கு 200,000 டொலர். கேட்டவுடன் தலை சுற்றும். ஆனால் அந்தக் கப்பல் ஏற்றுவது 2 மில்லியன் பீப்பாய். பீப்பாய்க்கு 10 சதம். ஒரு பீப்பாய் 159 லீற்றர் என்பதால் லீற்றருக்கு ஒரு சதத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. காப்புறுதிக் கட்டணம் ஏறியதால் பெற்றோல் விலை ஏறியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

விலையை ஏற்றுவது அச்சம். பீப்பாய்க்கு 5 டொலர் கூடினால் அந்த ஒரு கப்பலின் சரக்கு 10 மில்லியன் டொலரால் பெறுமதி கூடும். கட்டணத்தைப் போல ஐம்பது மடங்கு. அந்த 5 டொலர் ஹோர்மூஸ் வழியாகப் போகும் எண்ணெயோடு நிற்பதுமில்லை. நோர்வேயில், நைஜீரியாவில், டெக்சாஸில் எடுக்கும் ஒவ்வொரு பீப்பாயிலும் அது ஏறும். உலகம் நாளொன்றுக்கு எரிப்பது சுமார் 100 மில்லியன் பீப்பாய். ஆகவே நாளொன்றுக்கு 500 மில்லியன் டொலர் வாங்குபவரின் பையிலிருந்து விற்பவரின் பைக்கு மாறும். செப்டெம்பர் 14 இல் சவூதியின் அப்கைக் எண்ணெய் ஆலை தாக்கப்பட்டபின் சந்தை திறந்த முதல் நாளே விலை ஏறக்குறைய 15 சதவீதம் எகிறியதும், இரண்டு வாரங்களில் பழைய இடத்துக்குத் திரும்பியதும் இந்த அச்சத்தின் வேலைதான்.

அப்படியானால் அந்தப் பத்துச் சதத்துக்கு மதிப்பே இல்லையா? உண்டு. அது பூட்டின் திறப்புப் போன்றது. காப்புறுதி இல்லாத கப்பலை ஓட்ட, அதற்குக் கடன் கொடுத்த வங்கி விடாது. வாடகைக்கு எடுத்தவரும் சரக்கு ஏற்ற மாட்டார். இன்று கட்டணம் இவ்வளவு என்று லண்டன் சொல்லும்வரை கப்பல் போகும். ‘இன்று விலை சொல்ல மாட்டோம்’ என்று சொன்னால், ஒரு கண்ணிகூடப் போடாமலே அன்றைக்கு நீரிணை மூடப்பட்டது என்று எழுதிக்கொள்ளலாம். ஈரானும் அமெரிக்காவும் இதை நன்றாக அறிந்தவர்கள். முழுதாக மூடினால் ஈரானின் சொந்த ஏற்றுமதியும் இறக்குமதியும் சேர்ந்தே அடைபடும். அதனால்தான் மூடுவதைவிட, மூடக்கூடும் என்ற நிலையை வைத்திருப்பது அதற்கு இலாபம்.

கொழும்பு கட்டிய கட்டணம்

இது எங்கள் வாசகர்களுக்குப் புதிய பாடம் அல்ல. 2001 ஜூலை 24 கட்டுநாயக்கா தாக்குதலை அடுத்து லண்டன் காப்புறுதிச் சந்தை இலங்கைக்கு வரும் கப்பல்களுக்குப் போர் ஆபத்துக் கட்டணத்தை உயர்த்தியது. தாக்கப்பட்டது விமான நிலையம். கட்டணம் ஏறியது துறைமுகத்துக்கு. கப்பல் கம்பனிகள் ஒவ்வொரு கொள்கலனுக்கும் மேலதிகக் கட்டணம் போட்டன. சில கப்பல்கள் கொழும்பைத் தவிர்த்தன. கட்டணத்தைக் குறைக்க அரசாங்கம் காப்புறுதியாளரிடம் பெருந்தொகையைப் பிணையாக வைக்க வேண்டி வந்தது. சுதந்திரத்தின் பின் முதல் தடவையாக நாட்டின் பொருளாதாரம் சுருங்கிய ஆண்டு அது. வரட்சியும் மின்வெட்டும் உலக மந்தமும் சேர்ந்த சுருக்கம்தான் என்றாலும், லண்டன் பட்டியலுக்கும் அதில் பங்கு உண்டு.

ஹோர்மூசோடு இலங்கைக்கு நேரடித் தொடர்பும் இருக்கிறது. 1969 இல் இயங்கத் தொடங்கிய சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு ஆலை ஈரானின் இலகு மசகு எண்ணெய்க்கு ஏற்றதாக அமைக்கப்பட்டது. 2012 இல் ஈரான்மீது தடைகள் இறுகியபோது அந்த ஆலை திண்டாடியது. எண்ணெய் முழுவதையும் வெளியே வாங்கும் ஒரு நாடு, உலகச் சந்தையில் 5 டொலர் ஏறினால் அதை டொலரில்தான் கட்ட வேண்டும். பணக்கார நாடு விலையைக் கட்டும். ஏழை நாடு விலையையும் கட்டி, நாணயத்தின் வீழ்ச்சியையும் கட்டும். கடைசியில் வடமராட்சியில் வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் வாங்குபவரிடம் அந்தக் கணக்கு வந்து நிற்கும்.

ஏட்டில் இடமில்லாதவர்கள்

ஸ்டெனா இம்பீரோவின் உரிமையாளர் சுவீடன் நிறுவனம். கொடி பிரித்தானியாவினது. பிடிபட்டபோது சரக்கு இல்லை. சவூதியின் ஜுபைலுக்கு வெறுமையாகப் போய்க்கொண்டிருந்தது. அதில் இருந்த 23 பேரில் ஒருவர்கூடப் பிரித்தானியர் அல்லர். 18 பேர் இந்தியர். ஏனையோர் ரஷ்யா, லத்வியா, பிலிப்பைன்ஸைச் சேர்ந்தவர்கள். ஜிப்ரால்டரில் பிடிபட்ட ஈரானிய எண்ணெய்க் கப்பலிலும் பெரும்பாலோர் இந்தியர்களே. கைதானவர்களில் கப்பற் தலைவரும் இந்தியர். இரு பக்கத்துப் பகையிலும் ஒரே நாட்டுப் பிள்ளைகள் பணயமாக இருந்தார்கள். இந்தியக் கடற்படை ஜூன் மாதத்திலேயே ‘சென்னை’, ‘சுநயனா’ என்ற கப்பல்களை ஓமான் வளைகுடாவுக்கு அனுப்பியது. அதன் காவல் இந்தியக் கொடியுள்ள கப்பல்களுக்கு. வெளிநாட்டுக் கொடியின் கீழ் வேலை செய்பவருக்கு அது நிழல் தராது.

தமிழகத்திலும் கேரளத்திலும் இலங்கையிலும் கப்பல் வேலைக்குப் போகும் இளைஞர்கள் எங்கள் உறவுகளில் நிறைய. அவர்களுடைய வீட்டாருக்குச் சில விடயங்கள் பயன்படும். கப்பல் எந்த நிறுவனத்துக்குச் சொந்தம் என்பதோடு எந்தக் கொடியில் ஓடுகிறது என்றும் கேளுங்கள். இடர் வந்தால் சட்டப்படி பொறுப்புள்ள நாடு கொடியின் நாடு. ஆபத்துப் பட்டியலில் உள்ள கடலுக்குள் போக மறுக்க உரிமை உண்டா, போனால் இரட்டைச் சம்பளமா என்பது தொழிற்சங்க உடன்படிக்கையில் எழுதியிருக்கும். எழுதப்படாத ஒப்பந்தமானால் வாய்ப்பேச்சு செல்லாது. 2017 ஜனவரி முதல், உரிமையாளர் கைவிட்டால் மாலுமியை வீட்டுக்கு அனுப்பவும் நிலுவைச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுக்கவும் நிதிப் பிணை இருப்பதற்கான சான்றிதழைக் கப்பலில் ஒட்டிவைக்க வேண்டும் என்று கடற்தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. ஏறிய முதல் நாளே அதைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அதே உடன்படிக்கைக்கு 2018 இல் ஒரு திருத்தம் கொண்டு வந்தார்கள். கடற்கொள்ளையர் அல்லது ஆயுதக் கொள்ளையர் மாலுமியைப் பிடித்து வைத்திருக்கும் காலம் முழுவதும் அவருடைய சம்பளம் தொடர வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு நாட்டின் படை கப்பலைப் பிடித்து வைத்திருந்தால் என்ன என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை. பந்தர் அப்பாஸில் பத்து வாரம் இருந்தவர்களின் வீட்டுக்குக் காசு வந்ததா என்பது அவரவர் முதலாளியைப் பொறுத்தது.